மோசல் வரிசையில் மோர்ப்பானை

புரட்டாசி மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை காலையில், பழம் வெட்டக் கூடையும் கத்தரியுமாக இன்னாசியம்மாள் தன் திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தபோது, முதல் வரிசையில் பனிமூட்டமாகவும் ஐந்தாவது வரிசையில் உச்சிவெயிலாகவும் ஆறாவது வரிசையில் கடற்காற்றாகவும் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் அறுபது சென்ட் முழுவதிலும் ஒரே மாதிரி கறுத்துத் தொங்கிய பன்னீர்த் திராட்சைக் குலைகளில் ஒன்றைக்கூடக் காணோம், அவை இருந்த இடத்தில் வரிசைக்கு ஒரு நிறமாக, சுண்டைக்காய் அளவில் சிலவும் அதற்குச் சற்றுப் பெரிதாகச் சிலவும், இதுவரை யாரும் பார்த்திராத பழங்கள் தொங்கின. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வெட்ட வந்தவள் என்பதால் வெட்டத் தொடங்கினாள்.

எங்கள் ஊர் சூசைக்கோம்பை, கம்பம் பள்ளத்தாக்கில் மேற்குமலைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிற சின்ன ஊர். பாதிப்பேருக்குப் பந்தல் உண்டு, மீதிப்பேருக்கு அந்தப் பந்தல்களில் வேலை உண்டு, எல்லோருக்கும் கோயில் உண்டு, ஆம்பிளைகளுக்கு ஊர் எல்லையில் சாராயக் கடை உண்டு. இங்கே திராட்சைக்கொடி இரண்டு வருசத்துக்கு ஐந்து தரம் காய்க்கும். கிளையை நறுக்கிக் கவாத்து வெட்டினால் நூற்றிருபதாம் நாள் பழம், பழம் இறங்கினால் நாலு வாரத்தில் மறுபடி கவாத்து. பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்பு என்று கொஞ்ச நாள் படுக்க விடுவார்கள், கொடியை விடுவதில்லை. இன்னாசியம்மாளையும் விட்டதில்லை. பத்தொன்பது வயதில் அருளப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு அந்தப் பந்தலுக்குள் வந்தவள், முப்பத்துமூன்று வருசமாக அண்ணாந்த முகமும் தூக்கிய கையுமாக அதற்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள்.

வியாபாரி சிக்கந்தர் ராவுத்தர் வந்து பழத்தை வாயில் போட்டு, மென்று, துப்பினார்.

"என்ன இன்னாசி, பழத்துக்குள்ள கொட்டை வச்சிருக்கியா, கொட்டை மேல பழத்தப் பூசி வச்சிருக்கியா? தோலு செருப்புக்கு ஆகும் போலருக்கே."

"நேத்து வரைக்கும் பன்னீர்தான் ராவுத்தரே. ராத்திரி என்ன நெனச்சுச்சோ."

"கொடி எதுக்கு நெனைக்கிது? நீ நெனைக்க விட்டுருக்க."

அவர் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஏன், எப்படி என்று ஊர் இரண்டு நாள் கேட்டது, மூன்றாம் நாள் ஞாயிறு என்பதால் மறந்துவிட்டது. பூசை முடிந்து பங்குச்சாமி அமலன் பந்தலைப் பார்க்க வந்தார். ஜெர்மனியில் நாலு வருசம் இறையியல் படித்துத் திரும்பியவர் அவர். முதல் வரிசையில் ஒரு பழத்தை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார், திறக்க நேரமானது.

"இது ரீஸ்லிங். மோசல் ஆத்தங்கரைப் பழம். அங்க ஆத்துலருந்து பனி இப்படித்தான் ஏறி வரும். கீழ பாருங்க, கறுப்புப் பலகைக்கல்லு."

இரண்டாவது வரிசை பினோ நுவார், பிரான்சில் பர்கண்டி என்கிற சீமையில் விளைவது என்றார். மூன்றாவது ஷார்டொனே, ஷாம்பெய்ன் நாட்டுச் சுண்ணாம்பு மண்ணில் குளிரில் விளைவது. நாலாவது ஹங்கேரியில் டொக்காய் மலைச்சரிவின் ஃபுர்மின்ட். ஐந்தாவது ஸ்பெயினில் ஹெரெஸ் என்கிற வெள்ளை மண் ஊரின் பலோமினோ. ஆறாவது கிரேக்கத்தில் சாந்தோரினி என்கிற எரிமலைத் தீவின் அசிர்திக்கோ. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பழம், ஒரு கண் மூடல்.

"நாலு வருசம் அங்க என்ன சாமி படிச்சீக?" என்றாள் இன்னாசியம்மாள்.

"இறையியல்மா."

"பரீட்சையெல்லாம் வாய்லதான் வைப்பாகளோ?"

சாமி சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்றார். போகும்போது, பூசைக்கு ஆகும் என்று சொல்லி ஆறு வரிசையிலும் ஆறு கூடை எடுத்துப் போய்ப் பெரிய ஜாடிகளில் ஊறப்போட்டார். அவ்வளவு பூசை அந்த வருசம் எங்கள் பங்கில் நடக்கவில்லை.

பழம் விற்காது என்று ஆனதும் ஊர் பந்தலின் தட்பவெப்பத்தைக் கவனித்தது. முதலில் யாரோ மோர்ப்பானையைக் கொண்டுவந்து மோசல் வரிசையில் வைத்தார்கள், சாயங்காலம் வரை புளிக்கவில்லை. அடுத்த நாள் இட்லி மாவு வந்தது, அதற்கடுத்த நாள் பூக்கட்டும் பெண்கள் மல்லிகைக் கூடைகளோடு வந்தார்கள், மொட்டு மூன்று நாளானாலும் வாய் திறக்காமல் கிடந்தது, வேர்க்குரு வந்த குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் பனிமூட்டத்துக்குள் அங்குமிங்கும் நடந்தார்கள், ஒருவரை ஒருவர் தெரியாமல் மோதிக்கொண்டு, எதிரில் நிற்பது யார் என்று தெரியாமல் அவரவர் மாமியாரைப் பற்றி மாமியாரிடமே பேசிக்கொண்டார்கள். ஹெரெஸ் வரிசையில் மிளகாய் வற்றல் இரண்டு மணி நேரத்தில் சருகாகும், கூழ்வடகம் ஊற்றிவிட்டுத் திரும்பி நடந்தால் முதல் வடகம் காய்ந்திருக்கும். சாந்தோரினியில் காற்றுக்குப் பயந்த கொடிகள் கம்பியை விட்டுத் தரைக்கு இறங்கி வட்டமாகச் சுருண்டு கூடை கூடையாகப் படுத்துக்கொண்டன, அந்தக் கூடைகளில் ஊர்க்கோழிகள் அடைக்கு உட்கார்ந்தன. ஷாம்பெய்ன் வரிசையின் வெள்ளை மண்ணை உடைத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சாக்பீஸ் ஆக்கினார்கள்.

பர்கண்டியைக் கண்டுபிடித்தவள் பிலோமி. ஐந்து மாதக் கர்ப்பிணி, மண் தின்கிற ஆசை வந்து வெட்கத்தோடு ஒதுங்க இடம் தேடியவள், அந்த வரிசை மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"அத்தே, இந்தக் கல்லுக்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு ருசி, அந்தப் பக்கம் ஒரு ருசி."

"போடி, மண்ணுல என்னடி ருசி," என்றாள் இன்னாசியம்மாள்.

"நீங்கதான் தின்னு பாருங்களேன்."

ஒரு மாதத்தில் ஊரில் இருந்த ஏழு கர்ப்பிணிகளும் அங்கேதான் இருந்தார்கள். மூன்றாவது கல்தூணுக்கும் நாலாவது கல்தூணுக்கும் நடுவில் இருப்பதுதான் மண், அதற்குக் கீழே உள்ளது சும்மா மண் என்று ஒரு கட்சி. ஐந்தாவது தூணருகே மழை பெய்து மூன்றாம் நாள் எடுத்தால் அதற்கு ஈடு இல்லை என்று மறு கட்சி. சண்டை முற்றி, ஈர்க்குச்சி நட்டு எல்லை பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேர் வைத்தார்கள். பர்கண்டியில் சந்நியாசிகள் இதே வேலையைப் பல நூறு வருசம் செய்ததாகச் சாமி சொன்னார். அவர்கள் எத்தனை மாதம் என்று பிலோமி கேட்டாள்.

டொக்காயில்தான் கொஞ்சம் கலவரம். ஐப்பசி மூடுபனியில் அந்தப் பழங்கள் சுருங்கிச் சாம்பல் பூத்து நிற்பதைப் பார்த்த அருளப்பன், பூசணம் பிடித்துவிட்டது என்று மருந்து தெளிக்கும் டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வேலைக்குக் கிளம்புவது அவருக்கு வழக்கமில்லை, அதனால் ஊர் கூடியது. சாமி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அடிக்காதீங்க அருளப்பன்! அது உன்னதமான அழுகல். அதுலதான் இனிப்பே இருக்கு."

"அழுகல்ல என்ன சாமி உன்னதம்?"

"இதையேதான் இவுக குடும்பத்துல பொண்ணு பாக்க வந்தப்பயும் சொன்னாக," என்றாள் இன்னாசியம்மாள். "நானும் நம்பி வந்துட்டேன்."

அழுகிய பழத்தைத் தின்றவர்கள் தேன் என்றார்கள், இன்னொன்று எடுத்தார்கள்.

கார்த்திகையில் இலைகள் மஞ்சளாகின, பர்கண்டியில் ரத்தச் சிவப்பாகின. மார்கழி பிறந்ததும் உதிரத் தொடங்கின, பத்தே நாளில் ஆறு வரிசையும் வெறும் விறகாகக் கிடந்தன. மோசலில் பனிமூட்டம் போய், பஞ்சு பிய்த்ததுபோல் ஏதோ விழுந்தது, மோர் உறைந்து பானை விரிசல் விட்டது. ஹெரெஸில் வெயில் சோர்ந்து மழை தூறியது, சாந்தோரினிக் காற்று கோழிகளை விரட்டியது. எங்கள் ஊரில் தூங்குகிற கொடியை யாரும் பார்த்ததில்லை. செத்த கொடியைப் பார்த்திருக்கிறோம். ஆகவே செத்துவிட்டது என்று அழுதோம், உண்மையாகவே அழுதோம், பூக்காரிகள் மூக்கைச் சிந்தினார்கள், பிலோமி பர்கண்டி மண்ணை ஒரு டப்பா நிறைய அள்ளி வைத்துக்கொண்டாள்.

இன்னாசியம்மாள் மட்டும் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு கொடியின் பட்டையையும் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே பச்சையாக இருந்தது.

"சாகல. தூங்குது," என்றாள்.

"ஆமா," என்றார் சாமி. "அந்த நாட்டுல நாலு மாசம் தூங்கும்."

"நாலு மாசம் தூங்குற கொடியவா சாமி அங்க வளக்குறாக?" என்றார் அருளப்பன். "அதான் வெள்ளைக்காரன் பொழுது போகாம ஊரூரா நாடு பிடிக்கக் கெளம்பிட்டான்."

ஊர் சிரித்தது. சிரிப்பு அடங்கினால் தீர்மானம் வந்துவிடும், எங்கள் ஊர்க்கூட்டங்கள் அப்படித்தான். கவாத்து வெட்டிய பின் மொட்டு சீக்கிரம் எழும்ப ஒரு மருந்து தடவுவது இங்கே வழக்கம். குச்சி நுனியில் பஞ்சு சுற்றி, மருந்தில் தோய்த்து, அண்ணாந்து நின்று ஒவ்வொரு கணுவிலும் ஒற்ற வேண்டும். அதைத் தொட்டவர்கள் ஒரு வாரத்துக்குச் சாராயம் தொட முடியாது, தொட்டால் முகம் ரத்தமாகச் சிவந்து, நெஞ்சு தடதடத்து, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கும்; ஆகவே அந்த வேலை எங்கள் ஊரில் பெண்களுடையது. முதலில் ஒரு வரிசைக்குத் தடவிப் பார்ப்பது, எழுந்தால் மற்றதற்கும் தடவுவது என்று முடிவானது. பந்தல் பட்டா அருளப்பன் பேரில் இருந்ததால் இன்னாசியம்மாளை யாரும் கேட்கவில்லை. ஷாம்பெய்ன் வரிசைக்குத் தடவினோம். நானும்தான் தடவினேன்.

பன்னிரண்டாம் நாள் எழுந்தது. கணுவுக்குக் கணு, கிளிமூக்கு அளவில், உலகத்தையே நம்புகிற ஒரு பச்சை. ஊர் அருளப்பனுக்கு மாலை போட்டது. ஆனால் கொடியை எழுப்பினோமே ஒழிய அந்த வரிசையின் குளிர்காலத்தை எழுப்பி அனுப்ப எங்களிடம் மருந்து இல்லை. மார்கழிக் கடைசியில் ஷாம்பெய்னில் தரை வெள்ளையாகிக் குளிர் இறங்கியது. சாமி கோயிலிலிருந்து மெழுகுவர்த்திகளை வாரிக்கொண்டு வந்து கொடிகளின் கீழே வரிசையாக ஏற்றினார், அந்த நாட்டிலும் இப்படி நெருப்பு வைத்துக் காப்பார்கள் என்றார். மெழுகு தீர்ந்தது. விடிந்தபோது தளிரெல்லாம் தீயில் காட்டிய காகிதம்போலக் கறுத்துச் சுருண்டிருந்தது. இன்னாசியம்மாள் நகத்தால் சுரண்டினாள். உள்ளே பழுப்பு. அடுத்ததையும் சுரண்டினாள். கடைசிக் கொடிவரை சுரண்டி முடித்துவிட்டு, கையைச் சேலையில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வரிசை செத்ததைப் பார்த்து ஊருக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஊருக்கு வந்தது வேறு. மருந்து குறைந்துபோய்விட்டது, எழுந்ததற்குத் தெம்பு போதவில்லை, மீதி ஐந்துக்கும் இரண்டு மடங்கு தடவினால் துள்ளி எழுந்து நிற்கும் என்றார்கள். ராவுத்தரும் வந்திருந்தார், அவர் பேத்தியும் கர்ப்பமாக, பர்கண்டி மண்ணுக்கு ஏங்கிக்கொண்டு இருந்தாள்.

"சும்மா கெடந்தா செத்துரும் இன்னாசி. நாங்க என்ன அதுக்குக் கெடுதலா செய்யுறோம்?"

"ராவுத்தரே, உங்கள ஒரு நாளு பகல்ல அசந்து படுத்திருக்கையில எழுப்பி, வெளிய நிறுத்தித் தலையில ஐஸ் தண்ணிய ஊத்தினா தெரியும்."

"மனுசன் வேற, கொடி வேற."

"ஆமா, கொடி திருப்பி ஏசாது."

"ஏ இன்னாசி, வாய மூடு," என்றார் அருளப்பன். "திங்கக்கெழம தடவுறோம். பந்தல் என்னுது."

திங்கள்கிழமை காலை கவாத்துப் பெண்கள் பதினெட்டுப் பேர் பந்தலுக்குள் நின்றோம். வாளியில் மருந்து, கையில் பஞ்சுக் குச்சி. இன்னாசியம்மாள் மோசல் வரிசையின் முதல் கொடிக்குக் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள், யாரையும் தடுக்கவில்லை, எங்களை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். தடவச் சொல்லி அருளப்பன் குரல் கொடுத்தார். முதலில் நின்ற செபஸ்தியம்மாள் குச்சியைத் தூக்கப் போனாள்.

"கை எந்திரிக்கல," என்றாள்.

"என்னது?"

"தோளுக்கு மேல போக மாட்டேங்குது."

அடுத்தவளுக்கும் எழவில்லை. பதினெட்டுப் பேருக்கும் எழவில்லை. சோறு பிசையலாம், தண்ணீர் சேந்தலாம், பிள்ளையின் முதுகில் நாலு வைக்கலாம், தோளுக்கு மேலே மட்டும் போகவில்லை. கம்பத்திலிருந்து வந்த டாக்டர் தட்டிப் பார்த்து எலும்பு சரி, நரம்பு சரி என்று எழுதிக் கொடுத்தார். எழவில்லையா, எழுப்பவில்லையா என்று என்னிடம் பிற்பாடு பலர் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது என் கையைப் பற்றித்தான். அது எழவில்லை.

"அப்ப ஆம்பிளைக தடவுங்க," என்றார் ராவுத்தர். அவருக்குத் தோள்வலி என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாரம் பொங்கல். மறு வாரம் அந்தோணியார் தேர். அதற்கு மறு வாரம் சவரிமுத்து மகள் கல்யாணம், பையன் வீட்டார் கை தாராளம் என்று பேச்சு. ஒருவனுக்கு வயலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது, ஒருவன் மாட்டைத் தேடப் போனான், ஒருவன் காரணம் எதுவும் கிடைக்காமல் சும்மா ஓடினான். கால் மணி நேரத்தில் பந்தலில் மிச்சமிருந்த ஒரே ஆம்பிளை அருளப்பன், அவரும் மாலை போட்டுக்கொண்ட கழுத்து என்பதால்தான் நின்றார். குச்சியை மருந்தில் தோய்த்தார். தன் பெண்சாதி உட்கார்ந்திருந்த கொடியை நோக்கிக் கையைத் தூக்கினார், அவர் கை நன்றாகவே எழுந்தது.

"தடவுங்க," என்றாள் இன்னாசியம்மாள். குரலில் கோபம் இல்லை. "அஞ்சு வரிசைக்கும் நீங்க ஒருத்தரே தடவ ஒரு மாசம் ஆகும், அதுக்குமேல ஒரு வாரம். அம்புட்டு நாளும் கடைக்குப் போக முடியாது. வீட்டுலதான் இருக்கணும், சாயங்காலமெல்லாம், தெளிஞ்ச புத்தியோட, எனக்கு எதுக்கால உக்காந்து. எனக்கும் உங்ககிட்டப் பேச முப்பத்துமூணு வருசப் பேச்சு கெடக்கு."

குச்சி நுனியிலிருந்து மருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அருளப்பன் கொடியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பெண்சாதியைப் பார்த்தார். பிறகு குனிந்து குச்சியை வாளிக்குப் பக்கத்தில், சத்தம் வராமல், வைத்தார்.

"தூங்கட்டும்," என்றார். "பாவம்."

அந்தத் தையும் மாசியும் நான் பார்த்த மாதங்களில் வேறு மாதிரியானவை. இலை இல்லாத பந்தலுக்குள் வானம் தரைவரைக்கும் வந்தது. பெண்கள் மத்தியானங்களில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தோம், பேச்சு தானாகக் குறைந்தது, பூக்காரிகள்கூடக் குரலைத் தாழ்த்தியே சண்டை போட்டார்கள். இன்னாசியம்மாள் பர்கண்டியில் படுத்துப் பகலில் தூங்கினாள், வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. எதுவும் கேட்காத ஒன்றின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்கு அந்த வயதில்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் சிலரிடம் நான் வேறு மாதிரி இருந்திருப்பேன். மாசி முடிகிற சமயத்தில் சாமி சொன்ன கணக்குப்படி கொஞ்சமாகக் கவாத்து வெட்டினோம். எல்லோருடைய கையும் எழுந்தது.

பங்குனி பத்தாம் நாள் காலையில் அருளப்பன் பந்தலிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏ இன்னாசி! அழுவுது! வெட்டுன எடமெல்லாம் தண்ணி சொட்டுது! போச்சு, எல்லாம் போச்சு!"

அவள் போய்ப் பார்த்தாள். மோசல், பர்கண்டி, டொக்காய், ஹெரெஸ் எல்லாவற்றிலும், தரையில் சுருண்டு கிடந்த சாந்தோரினியிலும்கூட, வெட்டுவாய் ஒவ்வொன்றிலும் ஒரு துளி திரண்டு, கனத்து, விழுந்து, மறுபடி திரண்டது. ஒரு துளியை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தாள். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. நகத்தால் சுரண்டினாள், பச்சை.

"தூங்கி எந்திரிச்சா கண்ணுல தண்ணி வரத்தான் செய்யும். அதுக்குள்ள ஒப்பாரி வைக்காதீக."

"இப்ப என்ன செய்யணும்? ஒரம் வைக்கவா? தண்ணி பாச்சவா?"

"எந்திரிச்சவுககிட்ட ஒடனே வேலை சொல்லக்கூடாது. போயி காப்பி போடுங்க."

"கொடிக்கா?"

"எனக்கு."

அடுப்புப் பக்கம் போயறியாத அந்த மனுசன் போனார். ஐந்து வரிசையும் சொட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவதான ஷாம்பெய்ன் வரிசையின் கீழே மட்டும் தரை காய்ந்து கிடந்தது. காப்பி வரும்வரை அவள் அங்கேதான் போய் உட்கார்ந்திருந்தாள்.